போன் மாற்றும்போதுதான் தெரியும்: இரட்டைப் பாதுகாப்பில் விடும் பிழைகள்

பம்பலப்பிட்டிக் கடையில் போனைத் திருத்தக் கொடுக்கும்போது "உள்ளே இருக்கிறதெல்லாம் அழியும், பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். படங்களை நினைத்துத் தலையாட்டுவோம். கடவுச்சொல்லுக்குப் பிறகு இரண்டாவதாகக் கேட்கும் இலக்கத்தைக் காட்டும் ஒதென்டிகேட்டர் செயலி யாருக்கும் ஞாபகம் வராது.

செயலியைத் திரும்ப இறக்கினால் போதாதா? போதாது. 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் அந்த 6 இலக்கம் வெளியிலிருந்து வருவதில்லை. கியூஆர் ஸ்கேன் செய்த அன்று போனில் பதிந்த இரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்துச் செயலியே கணக்குப் போடுகிறது. சாவி அழிந்தால் இலக்கம் இல்லை. (போனின் நேரம் பிசகினாலும் சரியான இலக்கம் பிழை என்றுதான் வரும், நேரத்தை 'ஒட்டோமெட்டிக்'கில் விடுங்கள்.)

2023 ஏப்ரலிலிருந்து கூகுள் ஒதென்டிகேட்டர் இந்தச் சாவிகளைக் கூகுள் கணக்கிலும் சேமிக்கிறது, செயலிக்குள் அந்தக் கணக்கோடு நுழைந்திருந்தால் மட்டும். அந்தக் கணக்கைத் திறக்கவே இலக்கம் கேட்டால்? அதற்குத்தான் கூகுள் கணக்கில் முன்கூட்டியே எடுத்துவைக்கும் பேக்கப் கோட்கள்: 8 இலக்கத்தில் 10, ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதே போனில் ஸ்கிரீன்ஷொட்டாக வைத்துப் பயனில்லை. கடதாசியில் எழுதி அடையாள அட்டைப் பிரதிகளோடு வையுங்கள். பழைய போன் கையில் இருக்கும்போதே செயலியிலுள்ள 'ட்ரான்ஸ்பர் எக்கவுண்ட்ஸ்' மூலம் மாற்றி, ஒரு கணக்கிலாவது நுழைந்து பார்த்த பிறகு அழிக்கக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் எஸ்.எம்.எஸ்ஸையே நம்புவது அடுத்த பிழை. உங்கள் பெயரில் வேறொருவர் சிம் எடுத்துவிட்டால் கோட் அவருக்குத்தான் போகும். ரீலோட் போடாமல் கைவிட்ட நம்பர் பிறகு இன்னொருவர் கைக்கும் போகலாம். கனடா, லண்டன் போகிறவர்கள் இங்குள்ள சிம்முக்கு ரோமிங் போட மறந்து, அங்கே போய் முழிப்பதும் உண்டு.

வட்ஸ்அப்பில் நடப்பது வேறு. "மச்சான், தெரியாம உன்ர நம்பருக்கு ஒரு கோட் போயிட்டுது, கெதியா அனுப்பு" என்று தெரிந்தவர் பெயரிலேயே வரும். அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும்; அந்தக் கோட் உங்கள் வட்ஸ்அப்பைத் திருடன் தன் போனில் திறப்பதற்கானது. செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிபிகேஷன் 'பின்' (PIN, நீங்களே வைக்கும் இரகசிய இலக்கம்) போட்டிருந்தால், அந்தக் கோட் மட்டும் கிடைத்து உள்ளே வர முடியாது. மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். அதைச் சேர்க்காமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். கணக்குப் பறிபோனால் உடனே உங்கள் நம்பரை மறுபடி பதிவு செய்து புதுக் கோட்டைப் போடுங்கள். திருடன் தன் பின்னை வைத்திருந்தாலும் அக்கணமே வெளியே போய்விடுவான்; நீங்கள் நுழையத்தான் அந்த 7 நாள்.

நடுச்சாமத்தில் "நீங்களா நுழைவது?" என்று போன் விடாமல் கேட்டால், தொல்லை தாங்காமல் 'ஆம்' அழுத்தாதீர்கள். 2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் அப்படித்தான் புகுந்தார்கள். அந்தக் கேள்வி வருகிறதென்றால் கடவுச்சொல் பெரும்பாலும் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. 'இல்லை' அழுத்தி, முதலில் அதை மாற்றுங்கள்.