ட்யூரர் முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

பழைய கிறிஸ்தவ மரச்செதுக்கு அச்சுப்படங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரரின் முத்திரையைத்தான்: பெரிய 'ஏ', அதன் கால்களுக்கிடையே 'டி'. பலரும் ஏமாறுவதும் அங்கேதான். இத்தாலியச் செதுக்குக் கலைஞர் மார்க்கான்டோனியோ ரைமொண்டி, ட்யூரரின் 'கன்னி மரியாளின் வாழ்க்கை' படங்களைச் செப்புத்தகட்டில் பிரதியெடுத்தபோது அந்த முத்திரையையும் சேர்த்தே செதுக்கினார். செப்புத்தகடு படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளத்தைப் பதிக்கும், மரக்கட்டை பதிக்காது. ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தால் அந்தச் சான்றும் போய்விடும்.

அடுத்தது, "அசல் கட்டையிலிருந்தே எடுத்தது" என்ற சொல்லில் மயங்குவது. அது உண்மையாகவே இருக்கலாம். எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ட்யூரர் இறந்தது 1528-இல். 1511-இல் நூலாக வந்த அவருடைய 'சிறிய திருப்பாடுகள்' தொடரை, அதே கட்டைகளைக் கொண்டு 1612-இல் வெனிஸில் இத்தாலியச் செய்யுள்களோடு மறுபடி அச்சிட்டார்கள். 1844-இல் அந்தக் கட்டைகளிலிருந்து வார்ப்பெடுத்த உலோக அச்சைக் கொண்டு லண்டனில் இன்னொரு பதிப்பு வந்தது.

இங்கே உதவுவது ஒரு பூதக்கண்ணாடி. கட்டையைப் பூச்சி அரித்திருந்தால், கறுப்புக் கோட்டின் நடுவே மை படாத சின்ன வெள்ளை வட்டம் விழும். தாள் ஓட்டையில்லாமல் முழுதாக இருக்கும். தாளையே பூச்சி அரித்திருந்தால் ஓட்டை மறுபக்கம் வரை போகும். முன்னது கட்டைக்கு வயதாகிவிட்டதைச் சொல்லும். பின்னது அந்தத் தாளுக்கு நேர்ந்த சேதம், அவ்வளவுதான். படத்தைச் சுற்றியுள்ள சட்டக் கோட்டில் விழுந்த இடைவெளிகளும் பிந்தைய அச்சையே காட்டும்.

பின்பக்கம் லத்தீன் எழுத்து இருப்பதைக் குறையாக நினைத்து ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1511 நூலின் ஏடு என்பதற்கு அதுவே நல்ல சான்று. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது நூலுக்கு முந்தைய அச்சாகவும் இருக்கலாம், வெகு பிந்தையதாகவும் இருக்கலாம். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் வாட்டர்மார்க்கை (தாள் செய்யும்போதே பதியும் குறியை) பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பிரதி என்றாலே போலி என்று தள்ளுவதும் தவறு. ஹியரோனிமஸ் கிரெஃப் 1502-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ட்யூரரின் 'திருவெளிப்பாடு' படங்களைப் பார்த்துச் செதுக்கித் தன் சொந்த முத்திரையோடு வெளியிட்டார். பிரதி என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் பின்பக்கத்தின் படத்தையும், தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தையும் விற்பவரிடம் கேளுங்கள்.