பூக்காத வருடங்களில் குறிஞ்சியைக் காப்பது எப்படி

கேரளத்தின் மூணாறுக்கு அருகே, வட்டவடை, கோவிலூர், கொட்டக்காம்பூர் பக்கத்துப் புல்மேட்டில் இப்போது நிற்கும் நீலக்குறிஞ்சி, 2018-இல் பூத்த செடிகளின் வாரிசு. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். விதை விட்டதும் தாய்ச்செடி செத்துவிடும். ஆகவே இடையில் ஒரு சரிவு எரிந்துபோனால் அங்கே மறுபடி விதை போடத் தாய் இல்லை. பூக்கிற வருடம் காவல் போட்டு மட்டும் பயனில்லை.

செடியை 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், வெயில் நேராக விழும் புல்சரிவில் தேடுங்கள். பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்பளவு புதர். இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். ஓரம் ரம்பப்பல், நரம்புகள் மேற்புறம் பள்ளமாக ஓடும். சோலை நிழலில் ஆளுயரம் நிற்பது அநேகமாக வேறு குறிஞ்சி வகை. “குறிஞ்சி பூத்துவிட்டது” என்று அடிக்கடி சுற்றும் படங்களில் பல அந்த உறவுக்காரர்களுடையவை.

எண்ணுவதற்கு 4 மீட்டர் கயிறும் நான்கு முளைக்குச்சியும் போதும்: பக்கத்துக்கு 1 மீட்டர் சதுரம். 20 தப்படிக்கு ஒன்றாகப் பத்து சதுரம் போட்டு, உள்ளே வேர்விட்ட செடிகளை மட்டும் எண்ணுங்கள். அடர்ந்த இடமாகப் பொறுக்கிப் போட்டால் கணக்கு பொய்யாகும்.

பெரிய வேலை, புல்மேட்டில் பரவும் அன்னிய மரமான வாட்டிலை அகற்றுவதுதான். காட்டு நிலமென்றால் வனத்துறை அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். கன்றின் இலை தொட்டாச்சிணுங்கி போலப் பொடிப்பொடியாக இருக்கும். மழை பெய்த மறுநாள் அடியில் பிடித்து நேராக இழுத்தால் வேரோடு வரும். காய்ந்த மண்ணில் கழுத்தோடு முறிந்து திரும்பத் துளிர்க்கும். மண்வெட்டி வேண்டாம், கிளறிய மண்ணில் புதைந்த விதைகள் முளைக்கும். பெரிய மரத்தைக் கணுக்கால் உயரத்தில் வெட்டி, மிச்ச அடிப்பட்டையைத் தரைவரை உரித்துவிடுங்கள். காய் உள்ள கிளையைப் புல்மேல் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கிராண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ்) அடிமரம் விடாப்பிடியாகத் துளிர்க்கும். துளிரை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தட்டிவிட வேண்டும்.

வெட்டிய குப்பையை மட்டும் கொளுத்திவிடாதீர்கள். வாட்டில் விதையின் ஓடு கெட்டி. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். சூடு பட்டால் ஓடு வெடித்து, அடுத்த மழையில் பாய் விரித்தாற்போல் முளைக்கும். பாறைமேல் அடுக்கி மட்க விடுங்கள். ஒரு தடவை சுத்தம் செய்த இடத்துக்கு வருடாவருடம் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

குறிஞ்சியைப் பிடுங்கி வீட்டில் வைக்கும் ஆசை வேண்டாம். 2022 திருத்தத்துக்குப் பின் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் அட்டவணையில் உள்ள செடி. 2030-இல் பூ உதிர்ந்ததும், காய்ந்து நிற்கும் புதரை விறகுக்கு வெட்டாதீர்கள். காய் தானே வெடித்துத்தான் விதை சிதறும்.