பெலாரூஸ் திருமணத்தைப் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோமெல் வட்டாரத்துக் கிராமங்களில் நான் திருமணப் படம் எடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது உதவிக்கு வரும் இளைஞர்கள், முதல் ஆண்டில் நான் செய்த பிழைகளையே வரிசை பிசகாமல் செய்வதைக் கண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பேட்டரியை மறப்பது, மண்டபத்து வெளிச்சத்தை முன்பே பார்த்து வைக்காதது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை எந்த ஊர்த் திருமணத்திலும் நேர்பவை.

நாள் கணக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் தேவாலயத்தில் திருமணம் நடத்துவதில்லை. மே மாதத்தில் மணம் முடித்தால் ஆயுள் முழுவதும் அல்லல் என்று நம்பும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அறுவடை முடிந்து, அக்டோபர் 14 அன்று வரும் பக்ரோவ் திருநாளை ஒட்டிய வாரங்களே கிராமத்தின் பழைய கல்யாணக் காலம். எனவே மே மாதத்தில் அழைப்பு குறைந்தால் தொழில் படுத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

தோளில் துண்டு கட்டியவர்

அவர் பரிமாறுபவர் அல்லர். வெள்ளைத் துணியில் சிவப்புக் கோலம் நெய்த ருச்னிக் என்னும் துண்டைக் குறுக்காகக் கட்டியிருப்பவர், மணமகனுக்காகப் பெண் கேட்டு வந்த ஸ்வாத். நான் அவரிடம் தேநீர் கேட்டிருக்கிறேன்.

மணமக்கள் நிற்பதற்காகத் தரையில் விரிப்பதும் ருச்னிக்தான். நல்ல கோணம் கிடைக்கிறதென்று அதை மிதித்துவிடாதீர்கள். நெக்லூப்கா என்னும் ஊரின் நெசவுத் துண்டுகளை வேத்கா அருங்காட்சியகத்தில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு, அதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறதென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கரவாய் பங்கிடும்போது சாப்பிடப் போவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இந்த ஒரு தவறுதான். கரவாய் என்பது மாவால் செய்த பறவைகளும் பூக்களும் சூடிய பெரிய திருமண ரொட்டி. நல்ல இல்லறம் நடத்தும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே பிசைந்து சுடச் சொல்வது மரபு. விதவைகளையும் மணமுறிவு பெற்றவர்களையும் மாவைத் தொட விடுவதில்லை. சுடும்போது அது வெடித்தால் கெட்ட சகுனம் என்பார்கள்.

மண்டப வாசலில் ரொட்டியும் உப்பும் கொடுத்து மணமக்களை வரவேற்பதை முதலில் படமெடுத்துவிடுவதால், ரொட்டி வேலை அத்தோடு தீர்ந்தது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விருந்தின் பிற்பகுதியில் யாரோ ரொட்டியை அறுக்கத் தொடங்கியதும், கேக் வெட்டுவதைப் போல இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எண்ணி, இரண்டே படங்கள் எடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் சாப்பிடப் போனேன்.

உண்மையில் அந்தத் திருமணத்தின் நடுநாயகமே அந்த ஒரு மணி நேரம்தான். பெற்றோரில் தொடங்கி உறவுமுறை வரிசைப்படி ஒவ்வொருவரையும் அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் வந்து, ஒரு துண்டு கரவாயும் ஒரு கிண்ணம் மதுவும் பெற்றுக்கொண்டு, பரிசைக் கொடுத்து, எதுகை மோனையோடு கேலியும் வாழ்த்தும் கலந்து இரண்டு வரி சொல்லிவிட்டுப் போவார். பழைய வழக்கப்படி ரொட்டியின் அடிப்பகுதி இசைக் கலைஞர்களுக்குப் போகும். நாள் முழுவதும் சமையலறையில் இருந்த மணமகளின் பாட்டி அன்று கூடத்துக்கு வந்தது அந்த ஒரு முறைதான். நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். படத்தொகுப்பில் பாட்டி எங்கே என்று குடும்பத்தார் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வாங்கிய கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் என் உதவியாளர் ஒருவரும் அதே நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். எத்தனை முறை சொல்லி அனுப்பியிருந்தேன்! பங்கிடுவது யார், எப்போது தொடங்கும், யார் யாரை அழைப்பார்கள் என்பதை ஸ்வாத்திடம் காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கவிழ்த்து வைத்த மாவுத்தொட்டி

கேமராப் பையை அதன் மேல் வைக்காதீர்கள். பழைய சடங்கை நடத்தும் வீடுகளில், ஆட்டுத்தோல் மேலங்கியை விரித்து மணமகளை அதன் மேல்தான் அமர்த்துவார்கள்.

‘ஹோர்கா!’

‘கசக்கிறது’ என்று கூட்டம் கத்தினால் சாப்பாட்டில் குறை என்று பொருளில்லை. மணமக்கள் எழுந்து முத்தமிடப் போகிறார்கள்.

பூங்கொத்து

ஒற்றைப்படையில் மட்டும் வாங்குங்கள். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு உரியது.

முன்னதாகக் கிளம்புவது

ஆட்டம் ஓய்ந்து, பாதிப் பேர் கிளம்பிய பிறகே மணமகளின் முக்காட்டைக் கழற்றித் தலைத்துணி கட்டுவார்கள். முற்காலத்தில் அது நமீத்கா என்னும் நீண்ட லினன் துணி. அதைத் தலையில் சுற்றிவிட்டால் அவள் இல்லத்தரசி. இப்போது பெரும்பாலும் ஒரு கைக்குட்டை அளவு துணிதான் கட்டுகிறார்கள். விளக்குகளைக் குறைத்துவிடுவதால் அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸ் ஒன்றைக் கடைசி வரை பையிலேயே வைத்திருங்கள்.