பழைய பிளேஸ்டேஷனில் தங்கிவிட்ட முன்னவர்

கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பாலக்காட்டுக் கடையொன்றிலிருந்து பழைய பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ விளையாட்டுக் கருவி வந்தபோது, அதை முன்பு வைத்திருந்த முன்னவரின் பெயரும் படமும் திரையில் அப்படியே இருந்தன. நான்கு இலக்கக் கடவுக்குறியீடு கேட்டதால் செட்டிங்ஸுக்குள் நுழையவே முடியவில்லை. எல்லாம் அழித்தாயிற்று என்று மலையாளத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருந்தார்.

கருவியை முழுமையாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, முதல் 'பீப்' ஒலியில் விரலை எடுக்காமல், ஏறக்குறைய 7 விநாடிகளில் இரண்டாவது ஒலி கேட்ட பின்னரே விட்டதும், கோளாறுகளைச் சரிசெய்வதற்கான சேஃப் மோட் திறந்தது. கன்ட்ரோலரை யு.எஸ்.பி. கேபிளில் இணைக்க வேண்டும். நான் முதலில் செருகியது சார்ஜ் மட்டுமே ஏற்றும் மலிவு கேபிள் என்பதால், கால் மணி நேரம் வீணாயிற்று. அங்கே, கருவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் 6ஆவது தெரிவு முன்னவரின் கணக்கை நீக்கியது.

ஆனால் விரைவு முறையில் அழித்த தரவைத் தனி மென்பொருளால் மீட்க இயலும் என்பதால், செட்டிங்ஸுக்குள் சென்று முழு அழிப்பையும் ஓடவிட்டேன். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போகக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டே உறங்கினேன். முன்னவர் தம் கணக்கில் இக்கருவியை முதன்மைக் கருவியாக (அந்தக் கணக்கின் முக்கியக் கருவியாக) வைத்திருந்தால், அந்தப் பதிவை அவர்தான் நீக்க வேண்டும். அதைக் கடைக்காரர் வழியாகச் சொல்லியனுப்பினேன்.