வழிகாட்டி நாய்க்குட்டியை வளர்த்துக் கொடுப்பது எப்படி

பார்வையற்றவரைச் சாலை கடத்திக் கூட்டிப்போக நாய்க்குச் சொல்லித்தருவது நம் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அதற்கென்று பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், நாய் ஓரளவு வளர்ந்த பிறகுதான் அவர்கள் கைப்பிடி வைத்த சேணப்பட்டையை மாட்டி ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால், பிறந்து எட்டு வாரம்போல ஆன குட்டி தொண்டூழியர் வீட்டுக்கு வந்து, 12 முதல் 18 மாத வயது வரை அங்கேயே வளரும். அந்தக் காலத்தில் நாம் கற்றுத்தர வேண்டியதில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: எங்கே போனாலும் சும்மா இருப்பது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் சும்மா, உணவங்காடியில் மேசைக்கு அடியில் சும்மா, எதிரே இன்னொரு நாய் குரைத்துக்கொண்டு வந்தாலும் சும்மா.

முதலில் வீட்டைப் பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தன் அடுக்குமாடி வீடுகளில் அனுமதிக்கும் சிறிய நாய் இனங்களில், வழிகாட்டி நாயாகப் பெரும்பாலும் வரும் லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் கிடையாது. பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு விலக்கு உண்டு என்பதால் வளர்ப்பவருக்கும் அது தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குட்டியைத் தரும் அமைப்பிடம் தெளிவாகக் கேளுங்கள். கைட் டாக்ஸ் சிங்கப்பூர், கே9அசிஸ்டன்ஸ் என்று இந்தத் துறையில் இங்கே அறநிறுவனங்கள் இருக்கின்றன. கூட்டுரிமை (கொண்டோ) வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசிப், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு (ஏவிஎஸ்) தரும் உரிமம், இதையெல்லாம் யார் பெயரில் எடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

அடுத்தது வீட்டு ஆட்கள், என்னைக் கேட்டால் நாயைவிட இவர்களைப் பழக்குவதுதான் கஷ்டம். பிள்ளைகள் 'சிட்' என்கிறார்கள், தாத்தா 'உட்காரு' என்கிறார், பணிப்பெண் இரண்டும் இல்லாமல் கையால் அமுக்குகிறார் என்றால் குட்டி பாவம் என்ன செய்யும்? அமைப்பு கொடுக்கும் கட்டளைச் சொற்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள், எல்லாரும் அதையே சொல்லட்டும். பணிப்பெண்ணிடம் நாய் வருகிறது, சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பயமோ சமயக் காரணமோ இருந்தால் அவர் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் பாட்டிகளிடம் கறாராகவே இருக்க வேண்டும். 'ஒரே ஒரு வாய் சோறு, பாவம் பார்க்குது' என்று தட்டிலிருந்து ஒரு தடவை போட்டால் போதும், அதன்பிறகு யார் சாப்பிட்டாலும் அது மேசையை விட்டு நகராது, நாளைக்குக் கோப்பிக் கடையில் தன் எஜமானர் பக்கத்தில் எப்படிப் படுத்திருக்கும்? லாப்ரடாரின் பசி சும்மா நடிப்பும் இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சாதாரண லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியோடு தொடர்புடைய போம்சி மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று தெரிந்தது, உதவி நாய்களாக இருக்கும் லாப்ரடார்களிடையே அது நான்கில் மூன்று. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாய் என்பது நமக்கு வசதிதான், ஆனால் பரிசாகக் கொடுப்பதையும் அன்றைய அளவிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். அப்புறம், பாயசத்திலும் பொங்கலிலும் கிடக்கும் உலர்திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயம், பூண்டு, சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான். தீபாவளிக்கு விருந்தாளிகள் வரும்போது குட்டியைத் தனி அறையில் கூண்டுப் படுக்கையில் விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும் அதன் மனத்தில் ஆழமாகப் பதியும், ஆனால் தடுப்பூசிகள் அதற்குள் முடிந்திருக்காது, அதனால் தரையில் விடாமல் துணிப்பையில் மார்போடு சுமந்துகொண்டு காட்டுங்கள். பேருந்தின் மூச்சு, கட்டுமானத் தளத்துச் சத்தம், தலைக்கவசம் போட்டவர், சக்கர நாற்காலி, தேக்கா சந்தையின் மீன்கடை வாடை, எல்லாம் தூரத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. பயந்தால் இழுத்துப் போகாதீர்கள், பின்வாங்கி நின்று அது அமைதியானதும் தீனி கொடுங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போய் உறுமி மேளத்துக்குப் பழக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், ஒரு பெரிய பயம் பல மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

சிறுநீர் கழிக்கவும் கட்டளை உண்டு, சிரிக்காதீர்கள். எப்போதும் வாரோடு ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், அது ஆரம்பிக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லி, முடித்ததும் பாராட்டுங்கள். நாய் எங்கே எப்போது போகும் என்று தெரிந்தால்தான் பார்வையற்ற ஒருவரால் அள்ளிப் போட முடியும்.

வெயில் நம் ஊரின் தனிப்பிரச்சினை. புறங்கையை நடைபாதையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. காலை எட்டுக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு நடங்கள். உண்ணிக்கும், கொசு பரப்பும் இதயப்புழுவுக்கும் மருந்து தவறக்கூடாது.

வெளியே போகும்போது மின்படியில் ஏற்றாதீர்கள், பாதம் மாட்டிக்கொள்ளும், மின்தூக்கியையே பயன்படுத்துங்கள். மலாய் அண்டைவீட்டார் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அடுத்ததில் வருகிறேன் என்று சொல்லி நில்லுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவ வேண்டியிருக்கும், நாம் கொஞ்சம் தள்ளி நின்றால் அவர்களே நலம் விசாரிப்பார்கள். வழிகாட்டி நாயை எம்ஆர்டியிலும் உணவுக்கடைகளிலும் அனுமதிக்கிறார்கள் என்பதற்காகப் பயிற்சிக் குட்டியோடு எங்கும் நுழைந்துவிட முடியாது, எங்கே போகலாம் என்று அமைப்பு சொல்வதை மீறாதீர்கள். உணவங்காடியில் ஓர் ஓர மேசையில் ஐந்து நிமிடம் போதும். கோழி எலும்பும் மைனாவும் இருக்கும் இடத்தில் அந்த ஐந்து நிமிடமே பெரிய பரீட்சை. யாராவது 'தொடலாமா அங்கிள்?' என்று கேட்டால், குட்டி உட்கார்ந்து அமைதியாக இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள்.

எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. இடுப்பெலும்புக் கோளாறு, பயம், பறவையைக் கண்டால் துரத்தும் குணம் எனக் காரணங்கள் பல, பெரும்பாலும் வளர்ப்பில் குறை இருந்ததாக அர்த்தமில்லை. அப்படித் தேறாத நாயை எடுத்துக்கொள்கிறீர்களா என்று வளர்த்தவரிடம் முதலில் கேட்கும் வழக்கம் பல அமைப்புகளில் உண்டு. வீவக வீட்டில் இருந்தால் அப்போது மறுபடி அதே இனப் பட்டியல் குறுக்கே வரும், ஆகவே குட்டி வருவதற்கு முன்பே இதையும் பேசி முடிவு செய்துவிடுங்கள், ஒப்படைக்கும் நாளில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போது பேச முடியாது.