பாலக்காட்டுக்குக் குடிவந்தவர்கள் பழைய ஓக் மேசை வாங்குவதற்கு முன்

வாளையாறு தாண்டிக் குடிவருகிறவர்களில் பலர் சாப்பாட்டு மேசையைப் பழைய ஊரிலேயே விற்றுவிட்டு வருகிறார்கள். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிடும்; மேசைக்குத்தான் இடம் இருக்காது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வந்தவர்கள், ஐ.ஐ.டி.யில் பணிக்கு வந்தவர்கள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உறவினர் இருக்கும் தைரியத்தில் வந்தவர்கள் என்று யாராக இருந்தாலும், வீடு அமர்ந்த இரண்டாம் மாதம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நல்ல பழைய மேசை எங்கே கிடைக்கும்?" அண்மையில் பலர் ஓக் வேண்டும் என்றே குறிப்பாகக் கேட்கிறார்கள். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் "ஓக்" என்ற பெயரில் இரண்டு மேசை வாங்கியிருக்கிறேன். முதலாவது ஓக் இல்லை. இரண்டாவதில்தான் இப்போது தினமும் சாப்பிடுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக் கடைகளில் "ஓக்" என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, நிறம். ரப்பர் மரத்தில் செய்து இளம்பழுப்புச் சாயம் ஏற்றிய மேசையையும், துகள் பலகை மேல் மரக்கோடு அச்சிட்ட தாளை ஒட்டிய மேசையையும் "ஓக் பினிஷ்" என்று சொல்லி விற்பார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் கோடு விளிம்பில் மடங்கி, வெட்டுமுகமாக (மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் முகமாக) மாறி இறங்கினால் அது முழு மரம். மேலே ஒரு கோலமும் விளிம்பில் அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு கோலமும் இருந்தால் அது ஒட்டு.

இரண்டாவது பொருளில்தான் நான் ஏமாந்தேன். "ஊட்டி ஓக், எஸ்டேட் பங்களாச் சாமான்" என்று ஒரு பழைய சாமான் கடையில் காட்டினார்கள். அது சில்வர் ஓக். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நிழலுக்காக வரிசை வரிசையாக நிற்கும் அந்த உயரமான மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. பெயரில்தான் ஓக், குலத்தில் இல்லை. அந்த மரத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது, இலகுவான நல்ல பலகை. ஆனால் ஓக் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், ஓக் மரத்துக்கு அடையாளமாக எல்லோரும் சொல்லும் வெள்ளிக்கீற்று சில்வர் ஓக்கிலும் இருக்கிறது. மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்கள் இரண்டுக்கும் அகலமானவை. பலகையை ஆரப்போக்கில், அதாவது அந்தக் கதிர்கள் ஓடும் போக்கிலேயே, அறுத்தால் அந்தக் கதிர்கள் மேற்பரப்பில் பளபளக்கும். ஓக்கில் அவை புலிக்கோடு போல விட்டுவிட்டு நெளியும். சில்வர் ஓக்கில் பூப்பின்னல் துணி போலப் பலகை முழுவதும் நெருக்கமாக நிறைந்திருக்கும். பழகாத கண்ணுக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. ஆகவே மேசையின் அடியில் குனிந்து, பாலிஷ் படாத வெட்டுமுகம் ஒன்றைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான ஓக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசியால் குத்தியது போன்ற பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். சில்வர் ஓக்கில் அப்படி வளையம் கட்டிய வரிசை இல்லை. பிறகு ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். ஆறு பேர் அமரும் ஓக் மேசையை ஒருவர் அலட்சியமாகத் தூக்கிவிட முடியாது. தேக்கிலும் வளையத் துளை உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் தேக்கில் அந்த வெள்ளிக்கீற்று இருக்காது. தொட்டால் மெல்லிய எண்ணெய்ப் பசையும் முகர்ந்தால் அதற்கே உரிய வாசனையும் இருக்கும்.

மூன்றாவது பொருள்தான் அசல் ஓக். தமிழ் அகராதிகள் கருவாலி என்கின்றன. கடையில் அப்படிக் கேட்டால் ஒருவருக்கும் புரியாது. இமயமலைச் சரிவில் ஓக் இனங்கள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக இல்லை. அப்படியிருந்தும் அது நம் வீட்டுக்கு அந்நிய மரமல்ல. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய், மேற்காசியாவில் வளரும் ஓர் ஓக் இனத்தின் கிளையில் சிறு குளவி முட்டையிடுவதால் எழும் கட்டிதான். அதில் நாம் உணரும் துவர்ப்பு ஓக் பலகையிலும் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

இங்கே கண்ணில் படும் அசல் ஓக் மேசைகள் கப்பலில் வந்தவை, அல்லது கப்பலில் வந்த குடும்பங்கள் குன்னூர், ஊட்டிப் பக்கம் விட்டுப்போனவை. 1920களிலும் 1930களிலும் பிரிட்டனில் ஏராளமாகச் செய்யப்பட்ட ஒரு வகை நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். மூடியிருக்கும்போது நான்கு பேர் அமரலாம். மேல்பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு சிறகுகளை இருபுறமும் இழுத்தால் எட்டுப் பேர் வரை அமரலாம். கால்கள் முறுக்குக் கயிறு போலவோ உருண்டைக் குமிழாகவோ கடைந்திருக்கும். ஆளுக்கு 2 அடி விளிம்பு என்று கணக்கு வைத்து, சிறகை இழுத்த நீளத்தையும் கூடத்தில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றின் கால்களைப் பெரும்பாலும் கழற்ற முடியாது. நூறணி, கல்பாத்தி போன்ற அக்கிரகார வீடுகளின் குறுகிய வாசலில் நுழையுமா என்பதை விலை பேசுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த ஊரில் மேசையின் ஆயுளை முடிவு செய்வது காற்று. மலைத்தொடர் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகொண்ட இடத்தில் நாம் வசிக்கிறோம். நம் கார்த்திகையில், மலையாளத்தின் விருச்சிகத்தில், கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கும். விருச்சிகக் காற்று என்றே அதற்குப் பெயர். உதடு வெடிக்கும், கதவுகள் தாமாகச் சுருங்கித் தாழ்ப்பாள் இலகுவாகும். ஜூனில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வந்ததும் அதே கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கும். கதவுக்கு நேர்வது மேசைக்கும் நேரும். நீளவாக்கில் மரம் அசைவதில்லை, அகலவாக்கில்தான் அசைகிறது. 3 அடி அகல ஓக் பலகை மழைக்கும் வறட்சிக்கும் இடையில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை விரிந்து சுருங்கக்கூடும். ஆரப்போக்கில் அறுத்த பலகை, அதாவது வெள்ளிக்கீற்று தெரியும் பலகை, மற்றதில் ஏறக்குறைய பாதிதான் அசையும். கீற்றுக்கு அதிக விலை கொடுப்பதற்கு அழகைவிட இது பெரிய காரணம்.

மேசை செய்த பழைய தச்சர்களுக்கு இது தெரியும். அதனால் மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கிவிட மாட்டார்கள். சட்டத்தின் உட்பக்கம் ஒரு காடி வெட்டி, சிறு மரக்கட்டைகளின் நாக்கை அதில் செருகி, கட்டையை மட்டும் பலகையில் திருகியிருப்பார்கள். பலகை விரிந்தால் நாக்கு காடிக்குள் நகரும். இடையில் யாராவது "ஆடுகிறது" என்று இரும்புப் பட்டை வைத்து நான்கு பக்கமும் முடுக்கியிருந்தால், அந்த மேசை நம் காற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காமல் நடுவில் பிளந்துவிடலாம். கீழே படுத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், வாங்கத் தெரிந்தவர் என்று கடைக்காரர் உங்களை மதிப்பார்.

இன்னொன்றும் அனுபவத்தில் கற்றேன். மழைக்காலத்தில் மேசை வாங்காதீர்கள். ஈரத்தில் உப்பிய மூட்டுகள் கல் போல உறுதியாகத் தோன்றும், விரிசல்கள் மூடிக்கொண்டிருக்கும். மார்கழி, தை மாதங்களில் போனால், ஆடுகிற கால் ஆடும், திறக்கிற பிளவு திறந்தே இருக்கும். எல்லாம் தெரிந்து வாங்கலாம், விலையும் அதற்கேற்பப் பேசலாம்.

ஆடும் காலுக்காக மட்டும் நல்ல மேசையை விட்டுவிட வேண்டாம். பழைய மூட்டுகள் வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டவை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டிவிடலாம். அதே மூட்டில் ஆணி அடித்திருந்தால்தான் தொல்லை. உளுத்துப்போதலில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய துளைகள் இருப்பது குற்றமில்லை. துளைக்குக் கீழே கோதுமை மாவு போல வெளிறிய புதுத்தூள் இருந்தால், உள்ளே இன்னும் புழு தின்கிறது என்று பொருள். கால்களின் உட்புறத்திலும் சட்டத்திலும் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதியை அது அவ்வளவாகத் தொடாது, வெளிறிய ஓரப்பகுதியைத்தான் தேடிப் போகும்.

பாலக்காட்டில் தமிழே போதும் என்றாலும், மரக்கடையில் சில மலையாளச் சொற்கள் தெரிந்திருந்தால் நல்லது. மேசை அங்கே மேச, நாற்காலி கசேர, பலா மரம் பிலாவு. மா மரம் மாவு என்பதால் முதல் தடவை நிச்சயம் குழம்புவீர்கள். வைரப்பகுதிக்குக் காதல் என்றும், வெளிறிய ஓரத்துக்கு வெள்ள என்றும் பெயர். "காதலாணோ?" என்று கேட்டால், இவர் மரம் பார்க்கிறவர் என்று சேட்டன் நிமிர்ந்து உட்காருவார். பழைய ஆசாரிமார் சிலர் இன்றும் கோல், விரல் கணக்கில் பேசுவார்கள். ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அதில் 24 விரல். வாங்குவதற்கு முன் அப்படி ஓர் ஆசாரியை ஒரு நாள் கூலி கொடுத்துக் கடைக்கு அழைத்துப் போங்கள். நான் அதைச் செய்தது இரண்டாவது மேசைக்குத்தான். மேசைக்கு 24,000 ரூபாயும், மூட்டுப் பிரித்து ஒட்டி அரக்குப் பாலிஷ் ஏற்ற 6,500 ரூபாயும் ஆயின.

தேடும் இடங்கள்: கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருப் பழம்பொருள் கடைகளில் வகை அதிகம், விலையும் அதிகம். பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. வாங்குவதற்கு நீலகிரிப் பக்கம் வீடு காலி செய்கிறவர்களிடம் கேட்டு வைப்பது மேல். ஓக் என்ற பிடிவாதம் இல்லையென்றால், பழைய தறவாட்டு வீடுகளைப் பிரித்த மரம் விற்கும் யார்டுகளில் தேக்கும் பிலாவும் கிடைக்கும். ஓக்கோடு ஒப்பிட்டால் தேக்கு ஏறக்குறைய பாதிதான் அசையும். இந்தக் காற்றுக்கு அதுவே இயல்பான மரம். உபயோகம்தான் முக்கியம் என்பவர்களுக்கு நான் தேக்கையே சொல்வேன். ஓக்கின் அந்தக் கீற்றில் மனம் விழுந்துவிட்டவர்களுக்கு வேறு எதுவும் ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

மேசை வந்து இறங்கும்போது பகுதிச் சுமட்டுத் தொழிலாளர்கள் வருவார்கள். கேரளத்தில் ஏற்று இறக்குக் கூலிக்கு முறையான விகிதம் உண்டு. முன்கூட்டிக் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டுவிட்டது. மற்றபடி பாரத்தை அவர்களிடமே விடுங்கள். என் மேசையை மாடிப்படியில் சுவரில் ஒரு கீறல் படாமல் ஏற்றியவர்கள் அவர்கள்தான். மேல்பலகையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, சட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வீட்டில் கிழக்கு ஜன்னலுக்கு நேரே போடாதீர்கள். அரக்குப் பாலிஷ் சூட்டுக்கும் தண்ணீருக்கும் வெளுக்கும். சாம்பார்ப் பாத்திரத்துக்குக் கீழே கட்டாயம் ஒரு பிரிமணை வேண்டும். மாசிக்காயைப் பற்றிச் சொன்னேனே, அதன் துவர்ப்பு இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுத்து மை செய்தது அப்படித்தான். ஓக் மேசையில் ஈர இரும்புத் தோசைக்கல்லை ஓர் இரவு வைத்தால், காலையில் கருநீல வட்டம் ஒன்று பதிந்திருக்கும். அது துடைத்தால் போகாது. ஆக்சாலிக் அமிலம் கொண்டு ஆசாரிதான் எடுத்துத் தர வேண்டும்.