கேக்குக்குக் கொசுவம் வைப்போமா? ஃபாண்டன்ட் டிரேப் செய்முறை

புடவைக்குக் கொசுவம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை பாதி தெரிந்த மாதிரிதான். திருமண கேக்கின் பக்கவாட்டில், துணியை வளைத்துத் தொங்கவிட்டது போல இருக்கும் ஃபாண்டன்ட் (பிசைந்து தேய்க்கும் சர்க்கரை மாவு) மடிப்புகளைத்தான் டிரேப் என்கிறோம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. புடவையில் கொசுவம் படிந்து நிற்க வேண்டும். கேக்கில் மடிப்பு உருண்டு, உப்பி நிற்க வேண்டும். அமுங்கிவிட்டால் ஏதோ பட்டையை ஒட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். கீழே சொல்வதெல்லாம் அந்த உப்பலைக் காப்பாற்றத்தான்.

பழகுவதற்கு 8 அங்குல வட்ட கேக், 4 அங்குல உயரம், சுற்றிலும் 6 டிரேப் என்று வைத்துக்கொள்வோம். கேக்குக்கு முந்தின நாளே ஃபாண்டன்ட் போர்த்தி வைத்துவிடுங்கள். மேல்பரப்பு கொஞ்சம் இறுகியிருந்தால்தான் டிரேப் ஒட்டும்போது விரல் பதியாது.

மாவின் பதம்

400 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒன்றரை டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (மாவை விறைப்பாக்கும் உணவுப் பசைப் பொடி). அதே வகைப் பொடியான டைலோஸ் கிடைத்தால் அதுவும் சரி. உள்ளங்கையில் துளி வனஸ்பதி தடவிக்கொண்டு நன்றாகப் பிசைந்து, கிளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். விரலில் ஒட்டாமல் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பதம் வந்துவிட்டது. சைவம் சாப்பிடுபவர்கள் வீட்டுக் கேக் என்றால் ஃபாண்டன்ட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில வகைகளில் ஜெலட்டின் இருக்கும்.

சி.எம்.சி. பவுடரை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் முதல் ஆர்டரில் வெறும் ஃபாண்டன்ட்டிலேயே டிரேப் செய்துவிட்டேன். நவம்பர் மாதம், வெளியே மழை. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் அல்லவா? மண்டபத்தில் வைத்த ஒரு மணி நேரத்தில் முன்பக்க டிரேப் இரண்டும் மெல்ல இறங்கி, கீழே போர்டைத் தொட்டுவிட்டன. மணப்பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேக்கை மறுபக்கம் திருப்பி வைத்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அளவு போடுவது

8 அங்குல கேக்கின் சுற்றளவு சுமார் 25 அங்குலம். அந்த நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, இரண்டாக மடித்து, அதை மூன்றாக மடியுங்கள். ஆறு சமபாகம் வந்துவிடும், ஒவ்வொன்றும் 4 அங்குலத்துக்குச் சற்று அதிகம். மடித்த நிலையிலேயே கீழ் ஓரத்தைத் தொட்டில் மாதிரி, நடுவில் ஒன்றேகால் அங்குலம் இறங்கும்படி வளைத்து வெட்டுங்கள். பிரித்துக் கேக்கைச் சுற்றிப் பிடித்து, வளைவின் ஓரமாகப் பல்குச்சியால் லேசாகப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் கோடு தயார். கண் மதிப்பில் ஒட்டினால் ஆறாவது டிரேப்புக்கு இடம் போதாமல் போகும்.

மடிப்பு எடுப்பது

பென்சில் கனத்தில் ஐந்து மரக்குச்சிகள் வேண்டும். மேடையில் சோளமாவு மிக லேசாகத் தூவிக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறமென்றால் மாவு வெள்ளைத் திட்டாகத் தெரியும், அதற்குப் பதில் வனஸ்பதி தடவுங்கள். ஒரு டிரேப்புக்கு 40 கிராம் போதும், ஆனால் ஓரம் வெட்டவும் இடம் வேண்டுமே. 60 கிராம் எடுத்து 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 6 அங்குல நீளம், 4 அங்குல அகலத்துக்கு வெட்டுங்கள். மிச்ச மாவு எப்போதும் மூடியே இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆறையும் தேய்த்து வைத்துவிட்டு மடிக்கப் போனால் முதலாவது காய்ந்து, யானைத் தோல் மாதிரி வெடித்திருக்கும்.

மூன்று குச்சிகளை நீளவாக்கில், ஓர் அங்குல இடைவெளியில் அடுக்கி, மேலே மாவுத் தாளைப் போர்த்துங்கள். மிச்ச இரண்டு குச்சிகளை மேலிருந்து இடைவெளிகளில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். இப்போது இரண்டு பக்கமும் கை வைத்து, ஐந்தையும் நடுவை நோக்கி நெருக்குங்கள். மடிப்புகள் மூன்று கரையாக எழும்பும். ஒரு நிமிடம் அப்படியே விட்டு, மேல் குச்சிகளை எடுத்துவிட்டுக் கீழ்க்குச்சிகளைப் பக்கவாட்டில் உருவுங்கள். மேலே தூக்கினால் கரை சரிந்துவிடும்.

மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்துவிடுங்கள். வெட்டிய விளிம்பு வெளியே தெரிந்தால் துணி என்ற நினைப்பே போய்விடும். அப்புறம் இரண்டு முனைகளையும் விசிறிக் காம்பு மாதிரி குவித்துக் கிள்ளி, அதிகப்படியைக் கத்தரியால் நறுக்குங்கள்.

தொங்கவிடுவது

பசையை முந்தின இரவே கலக்கி வைக்கலாம்: 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கால் டீஸ்பூன் சி.எம்.சி. காலையில் கட்டியில்லாமல் கரைந்திருக்கும். கோட்டின் மேல் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவினால் போதும். அதிகமானால் டிரேப் வழுக்கும்.

இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்குங்கள். நடுப்பகுதி தன் கனத்திலேயே தொய்யும், அந்தத் தொய்வுதான் அழகு. முனைகளை, வளைவு தொடங்கி முடியும் புள்ளிகளில் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். நடுவில் மேல் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் தொட்டு ஒட்டிவிட்டு, மடிப்புகளைத் தொடாமல் கையை எடுத்துவிடுங்கள். சரிசெய்கிறேன் என்று தடவத் தடவ உப்பல் போய்க்கொண்டே இருக்கும்.

கேக்கின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நான்காவது, ஐந்தாவது டிரேப் வரும்போது கை பழகிவிடும், அவை முன்னால் வரட்டும். இரண்டு டிரேப் சேரும் இடத்தில் ஒரு சிறு ரோஜாவோ வில் முடிச்சோ வைத்தால் இணைப்பு மறைந்துவிடும்.

முடித்த கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, மடிப்பு தளர்ந்துவிடும். ஏசி அறையில் வைத்தால் போதும். அதனால் உள்ளே ஃப்ரெஷ் க்ரீம் வேண்டாம், கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்து உருக்கிய கலவை) போடுங்கள். மண்டபத்துக்குப் போகும்போது பசை பாட்டில், பிரஷ், கிளிங் ராப்பில் சுற்றிய 100 கிராம் மாவு, இரண்டு ரோஜா ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.